தாகத்துக்குக் கிடைத்த முழு மதிப்பெண்

தாகம் ஒரு நோயின் அறிகுறி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு மதிப்பெண் போட்டார்கள்.

அது 2005. புனேயில் மழை ஓய்ந்து வெயில் திரும்பியிருந்த நாட்கள். நான் பி.காம். இரண்டாம் ஆண்டில் இருந்தேன். காலையில் எழும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் இன்னொரு சொம்பு வேண்டியிருக்கும். கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறும்போது நிரம்பியிருந்த பாட்டில், இறங்கும்போது காலியாக இருக்கும். வகுப்பின் நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போவேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி தாகம்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக வேலைக்குச் சேர்ந்து, சில வருடங்கள் கழித்து எங்களையும் அழைத்துக்கொண்டார். நான் ஏழாம் வகுப்புவரை ஊரில் படித்ததால் தமிழ் எழுத வருகிறது. கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் பேசியது இந்தியும் மராத்தியும்தான். இங்கே அவர்களை என் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியில் ஆரோக்கியமான உணவுப் பழக்கம் பற்றி ஓர் ஆன்லைன் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. மகர்பட்டாவில் கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கிய ஒரு கம்பெனி அதைத் தயாரித்திருந்தது. சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் லேபில் உட்கார வேண்டும். வாசலில் ஓர் எடை பார்க்கும் கருவி. ஏறி, பார்த்து, உள்ளே போய் எடையைப் பதிய வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்தாய், எவ்வளவு பழம் சாப்பிட்டாய், எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்தாயா என்று திரை கேட்கும். சரியான பதிலுக்கு, திரையில் நிற்கும் மொட்டை மரத்தில் ஒரு பச்சை இலை துளிர்க்கும். மரம் நிறைந்தால் சான்றிதழ், இன்டர்னல் மார்க், எல்லாம்.

பாடத்துக்குப் பொறுப்பு குல்கர்ணி மேடம். அவர் எங்களுக்கு அக்கவுண்ட்ஸ் நடத்துபவர். லேப் சாவி அவரிடம் இருந்ததால் எங்கள் வயிற்றின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. உணவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், பிற்பகலில் அவருடைய டப்பாவில் அது வரும் என்பதுதான்.

பாடத்தை எழுதிய புண்ணியவான்கள் எந்த ஊரில் சாப்பிட்டார்களோ தெரியாது. படங்களில் பச்சைப் பூக்கோசு, கறுப்பு ஆலிவ், இளஞ்சிவப்பு மீன் துண்டு. காலை உணவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இட்லி இல்லை, கேழ்வரகுக் கூழ் இல்லை, புனேயில் பாதிப் பேர் தின்னும் அவல் போஹாகூட இல்லை. அம்மா செய்ததையெல்லாம் நான் 'மற்றவை' என்று போட்டேன். மற்றவைக்கு இலை கிடையாது.

என் பக்கத்து நாற்காலியில் அஸ்வினி. கல்லூரி வாசலில் வடாபாவ் தின்று, எண்ணெய் விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, முளைகட்டிய பயறு சாப்பிட்டதாகப் பதிவு செய்வாள். வகுப்பே அப்படித்தான் செய்தது. பொய் சொன்னவர்களின் மரங்கள் எல்லாம் மிதமாக வளர்ந்தன. நான் ஒருத்திதான் உண்மையை எழுதினேன். என் மரம் மட்டும் காடாக வளர்ந்தது.

வளராமல் என்ன செய்யும்? தண்ணீருக்கு முழு இலை. எடை குறைந்ததற்கு வாராவாரம் இலை. குளிர்பானத்துக்குப் பதிலாக எதைக் குடிக்கலாம் என்று ஒரு கேள்வி வந்தது. கரும்புச் சாறு என்பதுதான் சரியான விடை. இயற்கையான இனிப்பு உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று திரையில் ஒரு வெள்ளைக் கோட்டுப் பெண் சிரித்தாள். அன்றிலிருந்து வாசலில் இருந்த ரசவந்தியில் (புனேயில் கரும்புச் சாற்றுக் கடைக்கு அதுதான் பெயர்) தினமும் நின்றேன். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. கூடிய தாகத்துக்கு மறுபடி தண்ணீர் குடித்தேன். அதற்கும் இலை வந்தது.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பு) கழிப்பறை பொது. வரிசை வீடுகளைத் தாண்டி வெளியே போக வேண்டும். ராத்திரிகளில் அப்பா டார்ச்சோடு துணைக்கு வருவார். காலையில் அவர் கண்கள் சிவந்திருக்கும்.

"இன்னாடி இது, சொம்பு சொம்பா குடிக்கிற? ரா முச்சூடும் அந்த மனுசன எழுப்பிக்கினே கீற" என்றாள் அம்மா.

"காலேஜ்ல குடிக்கச் சொல்றாங்கம்மா. மார்க் வருது."

"தண்ணி குடிக்கறதுக்கா மார்க்கு?"

அந்தக் கம்பெனிக்காரர்கள் யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

மற்றவர்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சல்வார் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். தேஹு ரோட்டிலிருந்து வந்த சித்தி என்னை நிற்க வைத்துச் சுற்றிப் பார்த்தாள். "இப்பதான் பாக்கறதுக்குப் பொண்ணு மாதிரி கீறா. இன்னும் கொஞ்சம் இப்டியே கொறைஞ்சான்னா மாப்ள வூட்ல கண்ண மூடிக்கினு ஒத்துப்பாங்கோ" என்றாள். நம் ஜனங்களுக்கு ஒரு பெண் தேய்வதைப் பார்ப்பதில் அவ்வளவு மகிழ்ச்சி. குண்டாக இருந்தபோது தினம் ஓர் அறிவுரை கிடைத்தது. செத்துக்கொண்டிருந்தபோது பாராட்டு கிடைத்தது.

ஆனால் என் உடம்புக்கு ஏதோ தெரிந்திருந்தது. படியேறினால் தொடை நடுங்கியது. கரும்பலகை கலங்கித் தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்டும் பசித்தது. பாடத்தின் ஓரத்தில் 'நிபுணரைக் கேளுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு சனிக்கிழமை அதில் என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். எவ்வளவு குடித்தாலும் தாகம் தீரவில்லை, அடிக்கடி சிறுநீர் வருகிறது, எடை வேகமாகக் குறைகிறது, இது சரிதானா என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. 'அருமை! உங்கள் உடல் நச்சுகளை வெளியேற்றுகிறது. இதே உற்சாகத்தோடு தொடருங்கள்.'

இதே பதில் வேறு கேள்விகளுக்கும் வந்ததைப் பிறகு பார்த்தேன். அஸ்வினி விளையாட்டுக்கு, என் நாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாள். அவள் நாய்க்கும் அருமை என்றுதான் வந்தது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு நிபுணர் இருந்தாரா, ஒரு மனிதராவது இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குல்கர்ணி மேடம் என் கேள்வியையும் பதிலையும் வகுப்பில் உரக்கப் படித்தார். "பாருங்க, ஒழுங்கா கடைப்பிடிச்சா பலன் எப்படி வருதுன்னு. உமாவைப் பார்த்துக் கத்துக்கோங்க." கைதட்டினார்கள். கம்பெனியிலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த என் பழைய படத்தை 'முன்' என்று வைத்து, புதிதாக எடுத்ததை 'பின்' என்று பக்கத்தில் வைத்தார்கள். படமெடுக்கும்போது கன்னத்தைக் கொஞ்சம் உள்ளிழுக்கச் சொன்னார். உள்ளிழுக்கக் கன்னமே இல்லை. அந்தப் படம் பாடத்தின் முதல் பக்கத்துக்குப் போனது.

அடுத்த வாரம் வாந்தி தொடங்கியது. வயிறு பிசைந்தது, மூச்சு வாங்கியது. அம்மா என்னைத் தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, டயட்டிங் செய்யும் பெண்களைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தார். அம்மா குறுக்கிட்டு, எங்கள் தெருவே எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"ஒடம்பு வீக்கா கீது டாக்டர் சாப். ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க."

எங்கள் ஜனங்களுக்குக் காய்ச்சல், கழிச்சல், கவலை எதுவாக இருந்தாலும் குளுக்கோஸ் பாட்டில்தான் மருந்து. பாட்டில் ஏற்றாத டாக்டர் கைராசி இல்லாதவர். அவரும் தொழில் தெரிந்தவர். வாடிக்கையாளரின் மனம் கோணக் கூடாது. ரத்தமே பாகாக இருந்த எனக்கு, மேலும் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார். பாட்டில் தீர்வதற்குள் எனக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது.

அப்பா பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்து, ஆட்டோ பிடித்து, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் குனிந்து என் மூச்சை முகர்ந்தார். அழுகப்போகும் பழத்தின் வாசனை அடித்ததாம். விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார். கருவியில் எண் வரவில்லை. அது அளக்கும் எல்லையைத் தாண்டியிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படித் தண்ணி குடிக்கிறா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ரெண்டு மூணு மாசமா டாக்டர். காலேஜ்ல பாடம் அது."

"என்ன பாடம்?"

"ஒடம்ப நல்லா வச்சுக்கற பாடம்" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டதாக அப்பா பிற்பாடு சொன்னார்.

எனக்கு வந்திருந்தது டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை, பெரும்பாலும் சிறுவயதில் அல்லது இளவயதில் வரும்). இன்சுலின் இல்லாமல் உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. அதனால் கொழுப்பையும் தசையையும் எரிக்கும். எரித்த மிச்சம் ரத்தத்தை அமிலமாக்கும். அதற்கு கீட்டோ அசிடோசிஸ் என்று பெயர் (உடனே வைத்தியம் செய்யாவிட்டால் உயிரைப் பறிக்கும் நிலை). மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றத்தான் அவ்வளவு தாகம். என் மரத்தில் துளிர்த்த இலைகள் எல்லாம் இந்த வகையில் துளிர்த்தவை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடத்தால் எனக்கு நோய் வரவில்லை. கரும்புச் சாற்றாலும் வரவில்லை. என் உடம்பே என் கணையத்தைத் தாக்கியது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். பாடம் செய்தது வேறு. வந்த நோயை மாலை போட்டு வரவேற்று, நாற்காலி போட்டு உட்கார வைத்தது.

மூன்றாம் நாள் கண் தெளிந்தது. இன்சுலின் ஏறிய உடம்பில் தாகம் இல்லை. நாக்கு நாக்காக இருந்தது. அவ்வளவு சின்ன விஷயத்துக்காகப் படுக்கையில் சத்தமில்லாமல் அழுதேன்.

"இனிமே தினமும் ஊசி. வாழ்நாள் முழுக்க" என்றார் டாக்டர். "நிறுத்தச் சொல்லி நிறைய பேர் வருவாங்க. பாகற்காய் சாறு, கஷாயம், விரதம்னு சொல்வாங்க. ஊசியை நிறுத்தினா திரும்ப இங்கதான் வருவே. வந்து சேர்ந்தா அதிர்ஷ்டம்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. சித்தி ஒரு பாட்டில் கஷாயத்தோடு வந்தாள். ஊசி போடும் விஷயம் வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அம்மாவின் காதில் ஓதினாள். அம்மா கஷாயத்தை வாங்கி அவள் கண்ணெதிரிலேயே வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"கட்டிக்கிறவன் வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன். நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள். நோய் எங்கள் குடும்பத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அம்மாவின் வாயைத் திறந்துவிட்டதுதான்.

வீட்டில் ஒழுங்கு மாறியது. சோற்றை அளந்து போட ஒரு குவளை தனியாக வந்தது. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது சர்க்கரையே மருந்து. பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை வைத்துக்கொள்ளப் பழகினேன். திரையில் சிவப்புக் குறுக்குக்கோடு போட்டு விஷமாகக் காட்டிய அதே சர்க்கரைதான். அது என்னை எத்தனையோ முறை தெருவில் விழாமல் காப்பாற்றியிருக்கிறது.

இன்சுலின் போட்டதும் இழந்த சதை திரும்பியது. கன்னம் வந்தது. கல்லூரிக்குப் போனபோது வருகைப் பதிவுக்காகப் பழையபடி லேபில் உட்கார வைத்தார்கள். எடையைப் பதிந்தேன். என் மரத்திலிருந்து இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. 'உங்கள் மரம் வாடுகிறது. மனம் தளராதீர்கள். தண்ணீர் அதிகம் குடியுங்கள்' என்றது திரை.

குல்கர்ணி மேடம் எட்டிப் பார்த்தார். "என்ன உமா, குறைச்ச எடையெல்லாம் திரும்பப் போட்டுட்டே. உடம்பு சரியில்லைன்னாங்க. கொஞ்ச நாள்ல பழையபடி வந்துடலாம்."

பழையபடி என்பது எந்தப் படி என்று அவருக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து என் படத்தை எடுக்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அது கம்பெனிக்காரங்க கையில இருக்கு. மெயில் போடறேன்."

மெயில் போனதோ இல்லையோ, படம் போகவில்லை. அடுத்த கல்வியாண்டில் புதிய மாணவிகளுக்குப் பாடத்தைத் தொடங்கி வைக்கக் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் நாடாவில் அட்டை தொங்கியது. ஹாலில் பெரிய திரையில் என் 'முன்', என் 'பின்'. இந்த வருடம் நீங்கள் ஒவ்வொருவரும் உமா ஆக வேண்டும் என்று பேசப்போவதாக மேடத்திடம் சொன்னார். வாசலிலேயே அவரை மறித்தேன்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க. அப்ப நான் சாகக் கிடந்தேன்."

அவர் இரக்கத்தோடுதான் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆனா எடை குறைஞ்சது நிஜம்தானே? நாங்க படத்துல எதையும் மாத்தலையே" என்றார். இந்த மாதிரி ஆட்களிடம் கோபப்படுவதும் வீண். அவர் பொய் சொல்லவில்லை. உண்மை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கடைசியில், வேண்டுமானால் நீங்களே மேடையில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று பெருந்தன்மை காட்டினார்.

பேசினேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். நான் நாடகம் போடவில்லை, உண்மையாகவே ஊசிக்கு நேரமாகியிருந்தது. பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, சிரிஞ்சில் ஏற்றினேன். என் எலும்புக் கன்னம் திரையில் ஆளுயரத்துக்கு நிற்க, அதன் கீழே நின்று கையில் குத்திக்கொண்டேன்.

"அது நோய் முற்றியபோது எடுத்த படம். இது நான். தண்ணீர் குடித்தும் தாகம் தீராமல், சாப்பிட்டும் உடம்பு இளைத்தால் கம்ப்யூட்டரிடம் கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். ஒருவேளை இவளுக்கும் அதே தாகமோ என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த ஊசி போட்டா எடை குறையுமா?"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"குறையாது. கூடும். கூடினதாலதான் இங்க நிக்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். ஊசி மேல் அவளுக்கு இருந்த ஆர்வம் அத்தோடு முடிந்தது.

படத்தை அவர்கள் எடுக்கவில்லை. அதன் கீழே, எறும்பு போன்ற எழுத்தில், பலன்கள் ஆளுக்கு ஆள் மாறுபடலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். குல்கர்ணி மேடம் மட்டும் ஒன்று செய்தார். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று தன் கையால் எழுதி, எடைக் கருவிக்கு மேலே ஒட்டினார். அந்தப் பாடம் முழுவதிலும் உருப்படியான வரி அது ஒன்றுதான். அடுத்த தீபாவளிக்குச் சுவருக்கு வெள்ளையடித்தபோது அதையும் கிழித்துவிட்டார்கள்.

அதன் பிறகு சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது என் நாள் காலையில் தொடங்கி ராத்திரியில் முடிவதில்லை. ஓர் ஊசியில் தொடங்கி அடுத்த ஊசிவரை போகிறது. மறுபடி தொடங்குகிறது. மற்றவர்கள் வருடக்கணக்கில் திட்டம் போடும்போது நான் அடுத்த வேளைச் சாப்பாட்டைத்தான் யோசிக்கிறேன். முதலில் இது சிறையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் எனக்குத் தனியாகக் கொடுக்கப்படுகிறது, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் படம் இன்னும் எங்கேயோ இருக்கும். அதில் இருப்பவளுக்கு வயது ஏறாது. கன்னம் வராது. யாராவது அவளைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கக்கூடும். நான் அவளைவிட ஒவ்வொரு நாளும் மூத்தவளாகிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குள்ள கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

தாகம் எடுத்தால் இன்றும் ஒரு கணம் பயம் வரும். இதை எழுதும்போதும் வந்தது. எழுந்து விரலில் குத்திப் பார்த்தேன். எண் ஒழுங்காக இருந்தது. ஏப்ரல் மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது, எல்லோருக்கும் எடுக்கும் தாகம்தான். பானையிலிருந்து மொண்டு குடித்தேன். ஒரு டம்ளர் போதுமாக இருந்தது.